முந்தைய குழு விட்டுச்சென்ற பைத்தான் நிரலில் பயன்படாத பகுதிகளை நீக்குவது எப்படி?

கேள்வி: எங்களிடம் வந்து சேர்ந்த நிரலில் யாரும் அழைக்காதவையாகத் தோன்றும் ஃபங்ஷன்கள் ஏராளம். பயன்படாத நிரலைத் தேடிக் காட்டும் வல்ச்சர் கருவி அவற்றை 60 சதவீத உறுதியுடன் மட்டுமே காட்டுகிறது. நம்பி நீக்கலாமா?

பதில் 1: நீக்க வேண்டாம். ஃபங்ஷன்களுக்கு அக்கருவி வழக்கமாகத் தரும் மதிப்பே 60தான். இம்போர்ட்டுகளுக்கு 90, ரிட்டர்னுக்குப் பின் எழுதப்பட்ட வரிகளுக்கு 100. இயங்கும்போது பெயரைச் சரமாக (ஸ்ட்ரிங்) கோத்து அழைக்கப்படுபவை அதன் கண்ணில் படுவதில்லை. ஆகவே டெம்ப்ளேட்டுகள், கான்ஃபிக் கோப்புகள், கிரான் பட்டியல் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணிகளின் பட்டியல்) ஆகியவற்றிலும் அப்பெயரைத் தேடிவிட்டு, ஐயம் தீராத ஃபங்ஷனின் முதல் வரியில் அது அழைக்கப்படுகிறதா என்று காட்டும் ஒரு லாக் பதிவை இட்டு, ஆண்டிறுதிக் கணக்குப் பணி போன்று அரிதாக ஓடுபவை ஒருமுறை முடியும் வரையேனும் காத்திருங்கள்.

பதில் 2: நீக்குவதென்று முடிவானபின் கமெண்டாக்கி வைக்காதீர்கள், பழையது கிட்டில் (நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவி) இருக்கிறது. ஒவ்வொரு நீக்கத்தையும் தனிக் கமிட்டாக (கிட்டில் ஒரு மாற்றப் பதிவாக) இட்டால் திரும்பப் பெறுவது எளிது. டெஸ்ட் மட்டுமே அழைக்கும் ஃபங்ஷனை அந்த டெஸ்டோடு சேர்த்தே நீக்குங்கள்.

பதில் 3: தயவுசெய்து ஃபிளாக்குகளையும் (ஒரு வசதியை இயக்கவோ நிறுத்தவோ உதவும் குறிகள்) பாருங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிடலில், பழைய ஃபிளாக் ஒன்றைப் புதிய வசதிக்குப் பயன்படுத்தியதால், புதுப்பிக்கப்படாத ஒரு சர்வரில் கைவிடப்பட்டிருந்த நிரல் மீண்டும் ஓடி, சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பு ஏற்பட்டது.