சிங்கம் பள்ளமாக விழுந்த ஒரு ரூபாய்: மின்ட் (நாணயம் அடிக்கும் சாலை) தவறா, பிறகு யாராவது செய்ததா?

ஏற்காடு பழக்கடை:
ஒண்டிக்கடை பக்கம் கடை வைத்திருக்கிறேன். கல்லாவில் வித்தியாசமாக வரும் காசுகளைத் தனி டப்பாவில் போடுவேன். போன வாரம் இரண்டு கிடைத்தன, இரண்டுமே பழைய ஸ்டீல் ஒரு ரூபாய். ஒன்று 1998. ‘1’ இருக்கும் பக்கத்தில் சிங்கத் தலையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி, பள்ளமாகத் தெரிகிறது. இன்னொன்றில் விளிம்பில் பிறை மாதிரி ஒரு துண்டு இல்லை. நகைக்கடைத் தராசில் முதல் காசு 4.84 கிராம். இருக்க வேண்டியது 4.85. அப்படியானால் மின்டிலேயே தவறாக அடித்த அசல் எரர் காயின்தானே? ஒருவர் இரண்டையும் 3,000 ரூபாய்க்குக் கேட்கிறார். நானும் ஏமாறக் கூடாது, அவரையும் ஏமாற்றக் கூடாது.

செவ்வாய்பேட்டை பட்டறை:
தம்பி, இதில் எடை சாட்சி சொல்லாது. அழுத்தினால் உலோகம் நகருமே தவிரக் குறையாது. முப்பது வருஷமாகக் கொலுசுப் பட்டறையில் பிரஸ் ஓட்டுகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மின்டில் சில சமயம் அடித்த காசு கீழே விழாமல் உருவம் பதிக்கும் அச்சான ஒரு டையிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் வில்லைக்கு, அதாவது இன்னும் அடிக்காத வெற்றுத் தகட்டு வட்டத்துக்கு, அந்தப் பக்கம் டை கிடையாது, ஒட்டிய காசுதான் டை. அதன் மேடு இதில் பள்ளமாகும், உருவம் திரும்பி விழும். ‘1’ உள்ள டையை அந்தக் காசு மூடிவிட்டதே, பிறகு ‘1’ எப்படி வரும்? ஒரு பக்கம் நேர்ச் சிங்கம், மறுபக்கம் திரும்பிய சிங்கம், அவ்வளவுதான் இருக்க வேண்டும். உங்கள் காசில் ‘1’ இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு காசைச் சேர்த்து வைஸில் (பட்டறை இறுக்குப்பிடி) இறுக்கியிருக்கிறார்கள். சிங்கப் பக்கத்தை லென்ஸில் பாருங்கள், எழுத்துகளின் தலை நசுங்கிப் பளபளக்கும்.

பிறைக் காசு விஷயம் வேறு. நம் சேலம் உருக்காலையில் நாணய வில்லை வெட்டும் பிரிவு உண்டு. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு விளக்கினார். தகடு முழுதாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டும் பன்ச் பாதி இறங்கும். வில்லையில் பிறை போய்விடும். அப்புறம் விளிம்பு எழுப்ப அதை உருட்டி அழுத்துவார்கள். பிறை இருக்கும் இடத்தில் பிடிமானம் இல்லாததால், நேர் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் விழாது, அங்கே விளிம்பு மங்கிவிடும். பிறகு ரம்பத்தால் அறுத்த காசில் எதிர் விளிம்பு முழுதாக இருக்கும், எழுத்தும் கத்தரித்ததுபோல நிற்கும். என் கண் முதலில் எதிர் விளிம்புக்குத்தான் போகும்.

அம்மாபேட்டை சேகரிப்பாளர்:
அண்ணன் சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எழுத்தெல்லாம் கரைந்து மெலிந்த காசு வந்தால் அங்கே எடை பாருங்கள், ஆசிட்டில் போட்டது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். எந்தக் காசையும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

ஏற்காடு பழக்கடை:
லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். 1998 காசில் சிங்கப் பக்கம் நீங்கள் சொன்ன மாதிரியே நசுங்கியிருக்கிறது. கேட்டவரிடம் சொல்லிவிட்டேன். பிறைக் காசில் எதிர் விளிம்பு மெலிந்து, கிட்டத்தட்ட இல்லவே இல்லை! அரம் பட்ட கோடும் இல்லை. அதைக் கொடுக்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கும்போது பட்டறைக்கு எடுத்து வருகிறேன் அண்ணே, ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள்.