கொம்பொனன்ற், கொன்ஸ்ரிற்றுவன்ற்: இரண்டுக்கும் 'கூறு' போதுமா?

வணக்கம்.

நமது கலைச்சொற்பட்டியல் வரைவில் கொம்பொனன்ற் (component), கொன்ஸ்ரிற்றுவன்ற் (constituent) இரண்டுக்கும் எதிரே 'கூறு' என்றே நிற்கிறது. இரண்டும் ஒரே பந்தியில் வந்தால் மொழிபெயர்க்கிறவர் ஒன்றைக் கூறு என்பார், மற்றதை ஆக்கக்கூறு என்பார். அடுத்த பக்கத்தில் மாற்றி எழுதுவார். படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

செட்டியார் தெருவில் வாங்கும் ஒரு சங்கிலியை எடுங்கள். வளையம், கொக்கி, பதக்கம் ஆகியவை கொம்பொனன்ற். கொக்கி தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி வேறொன்று போடலாம்; கழற்றியது மேசையில் கிடந்தாலும் கொக்கிதான். அதே சங்கிலி 22 கரட்டில் ஒரு பவுண் என்றால், 8 கிராமில் 7.33 கிராம் பொன், மிச்சம் 0.67 கிராம் வெள்ளியும் செம்பும். இவை கொன்ஸ்ரிற்றுவன்ற். செம்பை மட்டும் கழற்றி எடுக்கும் குறடு எந்தப் பட்டறையிலும் இல்லை. நைத்திரிக்கமிலத்தில் போட்டாலும் மேற்பரப்புத்தான் சற்று அரிபடும். பொன் சூழ்ந்து நிற்பதால் அமிலம் உள்ளே போகாது. பொன்னின் பங்கு ஏறத்தாழக் காற்பங்காகக் குறையும்வரை வெள்ளி சேர்த்து உருக்கி, பிறகுதான் அமிலத்தில் இட வேண்டும். வெள்ளியும் செம்பும் கரைய, பொன் அடியில் மிஞ்சும். அந்த நேரத்தில் சங்கிலி என்று ஒன்று இருக்காது.

ஆகவே கொம்பொனன்ற்றுக்கு 'உறுப்பு', கொன்ஸ்ரிற்றுவன்ற்றுக்கு 'அமைபொருள்' என்று முன்மொழிகிறேன்.

— வெள்ளவத்தை

*

> கொம்பொனன்ற்றுக்கு 'உறுப்பு'

ஐயா, பிரிப்பு சரி. சொல் இடிக்கிறது. கணிதத்தில் கூட்டல் விருத்தியின் ஐந்தாம் உறுப்பு, பொது உறுப்பு என்று பாடநூல் எழுதுகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கணத்தின் (set) உறுப்பு வேறு இருக்கிறது. நாம் அதைத் தொடையின் மூலகம் என்கிறோம். வெறும் உறுப்பை மின்னணுவியலுக்குள்ளும் கொண்டுவந்தால் நெரிசல்.

பட்டறைப் பேச்சில் ஒரு வினை கிடக்கிறது: கழற்றிப் பூட்டுதல். கியர்பொக்ஸைக் கழற்றிப் பூட்டுகிறோம், பம்பைக் கழற்றிப் பூட்டுகிறோம். எனவே 'பூட்டுறுப்பு' என்கிறேன்.

இதில் 'பாட்' (part) என்ற சொல்லையும் ஒதுக்கி வைக்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் வாகனத்தைக் குறுக்கே அறுத்த முன்பாதி விற்பனைக்கு நிற்கும். அது வாகனத்தின் ஒரு பகுதி, சந்தேகமில்லை. ஆனால் அறுத்த கோடு வாளின் கோடு. தயாரித்தவன் அங்கே எந்த இணைப்பையும் வைக்கவில்லை. அதற்குள் இருக்கும் ரேடியேற்றர் கொம்பொனன்ற். அதற்கென்று நான்கு ஆணித்துளையும் இரண்டு குழாய்வாயும் வைத்தே செய்திருக்கிறார்கள். ஆகவே பாட் = பகுதி. உதிரியாக விற்றால் உதிரிப்பாகம். அந்தச் சொல்லை யாரும் அசைக்க வேண்டாம்.

சுற்றுப்பலகையிலும் இதே கதை. தடையி, கொள்ளளவி, இருவாயி ஒவ்வொன்றும் பலகையில் தனக்கென்று துளையோ செம்புத் திட்டோ உள்ள பூட்டுறுப்பு. உறுப்பைப் பலகையில் ஒட்டும் பற்றாசு, 63 வீதம் வெள்ளீயமும் 37 வீதம் ஈயமும் கொண்டதென்றால், 183 பாகை செல்சியஸில் உருகும். உருக்கினால் உறுப்பு முழுதாக வெளியே வரும். சூட்டுக்கோலை அதிக நேரம் அழுத்திப் பிடித்தால் செம்புத் திட்டு பலகையிலிருந்து பெயர்ந்துவிடும். பிறகு புதிய உறுப்பு இருந்தும் பூட்ட இடமில்லை. பற்றாசுக்குள் இருக்கும் வெள்ளீயமும் ஈயமும் இயல்பாகவே வெள்ளவத்தை ஐயா சொல்லும் இரண்டாம் வகை. ஒரே மூட்டில் இரண்டு வகையையும் காட்டலாம், பாடம் எழுதுகிறவர்கள் கவனிக்க.

— தெமட்டகொடை

*

நண்பர்களே, இரசாயனத்தை மறந்துவிட்டீர்கள். பௌதிக இரசாயனத்தில் இந்த இரண்டு சொற்களும் உங்கள் சங்கிலிக்குக் கட்டுப்படாது.

கல்சியம் காபனேற்றை மூடிய பாத்திரத்தில் சூடாக்கினால் கல்சியம் ஒட்சைட்டும் காபனீரொட்சைட்டும் வரும். சமநிலையில் உள்ளே மூன்று இனங்கள் இருக்கின்றன. கொன்ஸ்ரிற்றுவன்ற் எத்தனை என்றால் 3. கொம்பொனன்ற் எத்தனை என்றால் 2! ஏனெனில் இங்கே கொம்பொனன்ற் என்பது தன்னிச்சையாக அளவை மாற்றக்கூடிய இனங்களின் மிகக் குறைந்த எண்ணிக்கை. மூன்றையும் ஒரு இரசாயனத் தாக்கம் கட்டிப்போடுவதால் ஒன்று கழிகிறது. கிப்ஸின் அவத்தை (phase) விதியில் இட்டுப் பாருங்கள். கொம்பொனன்ற் − அவத்தை + 2 என்பதே நாமே தெரிவுசெய்யக்கூடிய மாறிகளின் எண்ணிக்கை. இங்கே அவத்தைகள் 3 (இரண்டு திண்மம், ஒரு வாயு); 2 − 3 + 2 = 1. வெப்பநிலையை நாம் தெரிவுசெய்தால் அமுக்கம் தானாக நிலைப்படும். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் அது ஒரு வளிமண்டலம். கொம்பொனன்ற்றுக்கு 3 என்று போட்ட பிள்ளைக்கு விடை 2 வரும். வெப்பநிலை, அமுக்கம் இரண்டையும் நாமே தெரிவுசெய்யலாம் என்று எழுதிவைப்பான்.

இன்னும் நுணுக்கம் உண்டு. அமோனியம் குளோரைட்டை வெற்றிடத்தில் தனியே சூடாக்கினால் அமோனியாவும் ஐதரசன் குளோரைட்டும் ஒரே வாயு அவத்தையில் சம அளவில் இருக்கும். அந்தச் சமன்பாடும் ஒரு கட்டு. எனவே கொம்பொனன்ற் 1. வெளியிலிருந்து கொஞ்சம் அமோனியாவைச் செலுத்தினால் உடனே 2. இனங்கள் அதே மூன்றுதான். கல்சியம் காபனேற்றில் விளைபொருள்கள் வெவ்வேறு அவத்தைகளில் இருப்பதால் அப்படியொரு மேலதிகக் கட்டுக் கிடையாது.

இதற்குப் 'பூட்டுறுப்பு' என்றால் வகுப்பு சிரிக்கும். காவியின் (vector) கொம்பொனன்ற்றும் இப்படித்தான். 10 நியூற்றன் விசையை 60 பாகையில் பிரித்தால் 5, 8.66. வெறும் எண்களாகக் கூட்டினால் 13.66, 10 அல்ல. அச்சைத் திருப்பினால் எண்களும் மாறும். இங்கே கழற்றவோ பூட்டவோ ஒன்றுமில்லை. இந்த இரண்டு இடத்திலும் 'கூறு' இருக்கட்டும், தொடாதீர்கள்.

— கொட்டாஞ்சேனை

*

கொட்டாஞ்சேனை சேர் சொன்னதை ஏற்கிறேன். என் பிணக்கு 'அமைபொருள்' மீது.

அமைதல் தன்வினை. வீடு அமைந்தது, குழு அமைந்தது என்றால் அமைந்தது முழுமை. அதை ஆக்கிய செங்கல் அல்ல. ஆகவே அமைபொருள் என்ற வினைத்தொகையைக் கேட்பவர் காதில் முழுப்பொருளே விழும். 'ஆக்குபொருள்' என்று பிறவினைக்குப் போகலாமென்றால், குடிநீர் குடிக்கப்படும் நீராக இருப்பதுபோல அது ஆக்கப்படும் பொருளாகவும் கேட்கும். 'உட்பொருள்' கவிதைக்குப் போய்விட்டது, 'உள்ளீடு' கணினிக்குப் போய்விட்டது.

'இயைபொருள்' எப்படி? இயைதல் என்றால் ஒன்றோடொன்று பொருந்திக் கலத்தல். தன்வினை, இயைவது பகுதிதான், முழுமையல்ல என்பதால் திசை மயங்காது. தமிழ்நாட்டு வேதியியலில் ஒரு சேர்மத்தில் என்னென்ன எவ்வளவு என்பதை 'இயைபு' என்கிறார்கள். அங்கிருந்து வாசிப்பவருக்கும் வழி தெரியும். தொடரியலில் ஒரு வாக்கியத்தின் கொன்ஸ்ரிற்றுவன்ற் பொருளல்லாதபோது 'இயைகூறு' என்று ஒட்டிக்கொள்ளலாம்.

இலக்கணத்தில் இந்தப் பிரிப்பு புதிதல்ல. நன்னூல் ஆறாம் வேற்றுமையின் தற்கிழமையில் (பொருளைவிட்டுப் பிரியாத உடைமையில்) உறுப்பைத் தனியாகவும் திரிபின் ஆக்கத்தைத் தனியாகவும் வைக்கிறது: சாத்தனது கை ஒன்று, மஞ்சளது பொடி மற்றொன்று. கை பூட்டிய இடத்தில் இருக்கிறது. பொடியில் மஞ்சள் உருமாறி நிற்கிறது. சினை என்ற பழஞ்சொல்லும் இருக்கிறது, முழுமைக்கு எதிரான பகுதி என்றே பொருள். ஆனால் மீன்கடையில் சினை என்றால் முட்டை, வேண்டாம்.

வெள்ளவத்தை ஐயாவிடம் ஒரு கேள்வி. கழற்றினாலும் தானாகவே இருப்பது உறுப்பு என்றீர்கள். கொங்கிறீற்றில் சல்லிக்கல்லுக்கு ஓரம் இருக்கிறது, உடைத்து எடுத்தால் சல்லிக்கல்தான். அது எந்தப் பக்கம்?

— தெஹிவளை

*

அக்கா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். சல்லி இயைபொருள்தான், என் சோதனைதான் தவறு. தெமட்டகொடைத் தம்பி சொன்ன ஆணித்துளைதான் சரியான அளவுகோல்: முழுமையில் அந்தப் பகுதிக்கென்று முன்கூட்டியே செய்த இருப்பிடம் உண்டா? கொக்கிக்கு வளையம், ரேடியேற்றருக்குத் துளை, தடையிக்குச் செம்புத் திட்டு. மென்பொருளிலும் இடைமுகம் என்ற அந்த இருப்பிடம் இருப்பதால்தான் ஒரு கொம்பொனன்ற்றை எடுத்துவிட்டு அதே இடைமுகமுள்ள இன்னொன்றை வைக்க முடிகிறது. சல்லிக்குக் கொங்கிறீற்றில் இருப்பிடம் என்று எதுவும் செய்யப்படவில்லை. விழுந்த இடத்தில் இறுகியது.

கொங்கிறீற்று வந்ததால் மூன்றாவது சொல்லையும் தீர்த்துவிடலாம்: இன்கிறீடியன்ற் (ingredient). 1:2:4 கலவைக்கு நாம் இடுவது சீமெந்து, மணல், சல்லி, நீர். 50 கிலோப் பை ஒன்றுக்கு 25 லீற்றர் நீர் விட்டால் நீர், சீமெந்து விகிதம் 0.5. இவை சேர்மானம். இறுகிய பிறகு உள்ளே சீமெந்துத் தூளும் நீரும் அப்படியே இல்லை. பெரும்பகுதி தாக்கம் புரிந்து கல்சியம் சிலிக்கேற்று ஐதரேற்றாகவும் கல்சியம் ஐதரொட்சைட்டாகவும் மாறியிருக்கும். அவை இயைபொருள். மணலும் சல்லியும் இரண்டு பட்டியலிலும் வரும். கூடுதலாக ஊற்றிய நீர் சேர்மானப் பட்டியலில் மட்டும் இருக்கும். இறுகியதில் அது விட்டுப்போன நுண்துளைதான் இருக்கும், வலிமை குறைவதும் அதனால்தான். சமையற் குறிப்பில் சேர்மானம் என்று எழுதுகிறவர்கள் தொடர்ந்து எழுதலாம்.

'பூட்டுறுப்பு' பற்றி: பட்டறைக்கு அழகான சொல். ஆனால் கைபேசியில் பூட்டு என்றால் திரைப்பூட்டு. 'பூட்டுறுப்பு இல்லை' என்று ஒரு செய்தி தோன்றினால் பாவனையாளர் கடவுச்சொல்லைத் தேடுவார். 'பொருத்துறுப்பு' என்று வைத்துக்கொண்டு, ஒரு பாடத்தில் முதல் தடவை முழுதாகவும் பிறகு உறுப்பு என்றும் எழுதலாமா? தம்பி கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

— வெள்ளவத்தை

*

கோபமில்லை ஐயா. பட்டறையில் எப்படியும் பாட்ஸ் என்றுதான் சொல்லப்போகிறார்கள். மென்பொருளுக்கும் பாடநூலுக்கும் பொருத்துறுப்பு போகட்டும்.

கோப்பைத் திருத்துகிறவருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 'கூறு' என்று தேடி எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்ற வேண்டாம். மூலக்கூறு, உடற்கூறு, 'விதியைக் கூறுக' என்ற வினா எல்லாவற்றிலும் அந்த எழுத்துகள் இருக்கின்றன. வேற்றுமை ஏறி 'கூற்றை', 'கூற்றின்' என்று ஆனவை மாறாகத் தேடலில் அகப்படாமல் தப்பிவிடும். ஆங்கில நிரலில் சொல்லைத் தேடி, துறைக் குறியைப் பார்த்து வரி வரியாக மாற்றுங்கள். காவிக்கும் அவத்தை விதிக்கும் உரிய வரிகளில் கூறு அப்படியே. இயைபொருள் வரியில் 22 கரட் எடுத்துக்காட்டைச் சேர்க்கவும். இயைகூறு தொடரியல் துறைக்கு மட்டும் தனி வரி.

— தெமட்டகொடை