மீன் இழுக்கும்போது ரீல் சீட் சுழல்கிறது: பிளாங்க் கெடாமல் கழற்றி மீண்டும் பொருத்துவது எப்படி?

கேட்பவர், பாம்பன்

அனைவருக்கும் வணக்கம். கடந்த தை மாதத்தில் நானே கட்டிய முதல் தூண்டில் கோலில் ஒரு கோளாறு வந்திருக்கிறது. எட்டு அடி நீளமுள்ள ஒரே துண்டுக் கார்பன் பிளாங்க் (கோலின் வெற்றுக் குழல்), நைலான் உடலும் ஸ்டெயின்லெஸ் ஹூட்டும் (ரீலின் காலைக் கவ்வும் மூடி) கொண்ட, துளை 18 மில்லிமீட்டர் உள்ள ரீல் சீட் (ரீலை மாட்டும் இருக்கை), ஸ்பின்னிங் ரீல். திருகு நட்டு முன்பிடிப் பக்கம் (சீட்டுக்கு முன்னால் உள்ள நுரைப் பிடியின் பக்கம்) இருக்கும்படி சீட்டைப் பொருத்தியிருந்தேன். சீட் உட்காரும் இடத்தில் பிளாங்க்கின் வெளிவிட்டம் 13 மில்லிமீட்டர்தான் இருந்ததால், இடைவெளியை நிரப்ப மாஸ்கிங் டேப்பை மூன்று வளையங்களாகச் சுற்றி, ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சியை (இரு பகுதிகளைக் கலந்து செய்யும் பசை) பூசிச் சீட்டைத் தள்ளி ஏற்றினேன்.

இரண்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. சித்திரையில், விசைப்படகுகளுக்கான தடைக்காலத்தில், உறவினரின் நாட்டுப்படகில் தென்கடலுக்கு (மன்னார் வளைகுடாப் பக்கம்) சென்றிருந்தபோது நல்ல பாரை ஒன்று கடித்தது. அது அடியை நோக்கி ஓடத் தொடங்கியதும் கைப்பிடிக்குள் 'கிரீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. ரீல் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. கைடுகள் (தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள்) ஒரு நேராகவும் ரீல் இன்னொரு நேராகவும் நின்றதால் நரம்பு முதல் கைடில் உரசி அறுந்தது. அன்றிலிருந்து கையால் அழுத்தித் திருப்பினாலே சீட் சற்று அசைகிறது.

இன்னொன்றும் உண்டு. முன்பிடியின் நுனியில் அழகுக்காகவும் அடைப்புக்காகவும் போட்ட அலுமினிய வைண்டிங் செக் வளையத்தின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்து, அதன் கறுப்புப் பூச்சு உரிந்து வருகிறது. இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவையா? ஏழு கைடுகளையும் நூல் சுற்றி எபாக்சி பூசி முடித்துவிட்டேன். அவற்றைப் பிரிக்காமல் சீட்டை மட்டும் மாற்ற வழி இருக்கிறதா?

மறுமொழி, தொண்டி

தம்பி, கழற்றுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எது சுழல்கிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சீட்டின் பின்முனையிலிருந்து பின்பிடி வரை பென்சிலால் நேராக ஒரு கோடு இழுங்கள். ஒரு கையால் முன்பிடிக்கு மேலே பிளாங்க்கையும் மறு கையால் சீட்டையும் பிடித்து, மீன் இழுக்கும் அளவுக்கு விசை கொடுத்துத் திருப்புங்கள். கோடு உடைந்து விலகினால் சீட்டின் பிடிப்பு மட்டும் போயிருக்கிறது. கோடு உடையாமல் பின்பிடியும் சேர்ந்து திரும்பினால் இரண்டுமே விட்டுப்போயிருக்கின்றன. பிறகு நட்டைத் தளர்த்தி, சீட்டின் முன்முனையும் பிளாங்க்கும் சேரும் இடுக்கில் மெல்லிய காகிதத்தை வைத்துச் சற்று நேரம் அழுத்திப் பாருங்கள். ஈரம் ஏறுகிறதா என்று தெரியும்.

மூன்று செய்திகளும் வேண்டும். பிளாங்க்கின் அடிமுனையில் வெளிவிட்டம் எவ்வளவு? சீட்டின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்தீர்களா? டேப் வளையங்களின் ஓரங்களை எபாக்சியால் மூடினீர்களா, திறந்தே விட்டீர்களா?

மறுமொழி, கீழக்கரை

எனக்கும் இதேபோல் ஆனது. சீட்டின் அடிப்பக்கத்தில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, மருந்து ஏற்றும் சிரிஞ்சில் எபாக்சியை நிரப்பி உள்ளே செலுத்தினேன். மறுநாளே கோல் உறுதியாகிவிட்டது. நான்கைந்து மாதம் நன்றாக உழைத்தது. எல்லாவற்றையும் பிரித்துப் போடுவதற்கு முன் இதை முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து.

கேட்பவர், பாம்பன்

தொண்டி அண்ணன் சொன்னபடி செய்து பார்த்தேன். பென்சில் கோடு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் விலகியது, பின்பிடி அசையவில்லை. காகிதத்தை அழுத்தியபோது பழுப்பு நிறத்தில் ஈரம் ஏறியது. நாவில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. கடைசியாகக் கடலுக்குப் போய் ஐந்து நாள் ஆகிறது. கோல் வீட்டுத் திண்ணையில்தான் நின்றது.

அடிமுனையின் வெளிவிட்டம் வெர்னியரில் 14.5 மில்லிமீட்டர் காட்டுகிறது. சீட்டின் உட்புறத்தை நான் தேய்க்கவில்லை. புதியதுதானே, சுத்தமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். டேப் ஓரங்களையும் மூடவில்லை. கீழக்கரை காக்கா சொல்லும் முறை எளிதாகத் தெரிகிறது. அதைச் செய்யலாமா?

மறுமொழி, தொண்டி

செய்ய வேண்டாம், தம்பி. கீழக்கரை நண்பரின் கோலில் உள்ளே ஈரம் இறங்குவதற்கு முன்பே அது நடந்திருக்கலாம். அதனால் சில மாதம் தாங்கியது. உங்கள் கோலில் டேப் ஐந்து நாளாகியும் காயாமல் உப்புநீரைக் குடித்து ஊறிக் கிடக்கிறது. ஊறிய காகிதத்தின் மீதும் உப்புப் படிந்த பரப்பின் மீதும் எபாக்சி பிடிக்காது. வெற்றிடத்தை நிரப்பி இறுகும், அவ்வளவுதான். அடுத்த பாரை வந்ததும் அந்தக் கட்டியும் சேர்ந்து சுழலும். அதோடு, துளைபோடும் முனை ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கிப் பிளாங்க்கின் கார்பன் இழையைத் தொட்டுவிட்டால், கோல் வளையும்போது முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். சீட்டுக்குக் கொடுத்த விலையைவிடப் பிளாங்க்குக்குக் கொடுத்த விலை பல மடங்கு. சீட்டைப் பலி கொடுத்துப் பிளாங்க்கைக் காப்பாற்றுங்கள்.

உங்கள் அளவுகளைப் பாருங்கள். 18-இல் 13 போனால் 5. ஒவ்வொரு பக்கமும் இரண்டரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் இடைவெளிக்கு டேப் போதும். இரண்டரை மில்லிமீட்டருக்கு டேப் சுற்றினால் சீட்டைத் தாங்குவது எபாக்சி அல்ல, அடுக்கடுக்கான காகிதம். அந்தக் காகிதத்தின் ஓரம் திறந்திருந்தால் விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அது கடல்நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐந்து நிமிட எபாக்சியும் நாள்பட ஈரத்தைத் தாங்காது. ஒரு நாள் எடுத்துக்கொண்டு மெல்ல இறுகும் வகையே கைப்பிடி வேலைக்கு ஏற்றது.

நல்ல செய்தி ஒன்று: கைடுகளைப் பிரிக்க வேண்டியதில்லை. சீட்டின் துளை 18, உங்கள் அடிமுனை 14.5. பின்பிடியை எடுத்துவிட்டால் புதிய சீட் அடிப்பக்கத்திலிருந்தே ஏறிவிடும்.

கழற்றும் முறை இது. அடிமூடியையும் நுரைப் பின்பிடியையும் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். பிளாங்க்கின் மீது கத்தி இறங்காதபடி சாய்த்துப் பிடியுங்கள். பிறகு சிறு சுழல் கருவியில் வெட்டும் தட்டைப் பொருத்தி, சீட்டின் இரு பக்கமும் எதிரெதிராக நீளவாக்கில் இரண்டு வெட்டுக்கோடுகள் போடுங்கள். நைலான் உடலின் தடிமன் வரை மட்டும் வெட்டினால் போதும். அதற்கடியில் இரண்டரை மில்லிமீட்டர் டேப் இருப்பது இந்த ஒரு வேலைக்கு உங்களுக்குப் பாதுகாப்பு. தட்டை முனைத் திருப்புளியை வெட்டில் வைத்துத் திருகினால் சீட் இரண்டு பாதியாகப் பிளக்கும். மூக்குக்கும் கண்ணுக்கும் மறைப்பு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பிளாங்க்கில் ஒட்டியிருக்கும் மிச்சத்தின் மீது துணியைச் சுற்றிக் கொதிநீரை ஊற்றி ஊற்றி இளக்குங்கள். கொதிநீர் 100 பாகைக்கு மேல் போகாது. பெயின்ட் உரிக்கும் சூட்டுக்காற்றுத் துப்பாக்கியோ பல நூறு பாகை வரை போகும், அது பிளாங்க்கின் பிசினையே கெடுத்துவிடும். இளகியதை மர ஆப்பு அல்லது பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள், இரும்பால் சுரண்டாதீர்கள்.

மறுமொழி, மண்டபம்

வைண்டிங் செக் பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. மூல காரணம் இரண்டுக்கும் உப்புநீர்தான் என்றாலும், நடந்திருப்பது வேறு வினை. கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியமும் கடத்தும். இரண்டும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்புநீர் நின்றால் அது ஒரு சிறு மின்கலமாகிவிடும். அந்தக் கலத்தில் கரைந்து தேய்வது அலுமினியம். கார்பனுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி அலுமினியம் அரித்து வந்த சேர்மம். வளையத்தின் உட்துளையில் மேற்பூச்சு கீறியிருந்தால் அங்கிருந்து தொடங்கும். கைப்பிடியின் முன்முனையில் சொட்டுகிற நீர் வடியாமல் தங்குவதும் அங்கேதான் என்பதால், நம் கடற்கரையில் பழுதாகும் அலங்கார உறுப்புகளில் இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இந்த வளையத்தின் துளை முன்பிடி முனையில் பிளாங்க் இருக்கும் அளவுக்கே செய்யப்பட்டது. அது அடிப்பக்கத்திலிருந்தும் ஏறாது, கைடுகள் இருப்பதால் நுனிப்பக்கத்திலிருந்தும் இறங்காது. ஆகவே பழையதை அரத்தால் ஓரிடத்தில் மெலிதாக்கி உடைத்து எடுத்துவிடுங்கள். அரம் படும் இடத்துக்கு முன்னும் பின்னும் பிளாங்க்கின் மேல் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாகப் புதிய வளையம் தேட வேண்டாம். கைடு கட்டும் அதே நூலை, முன்பிடியின் முகத்தை ஒட்டித் தொடங்கி எட்டுப் பத்து மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுற்றி, அதன்மேல் பூச்சு எபாக்சியைச் சற்றுத் தாராளமாக விட்டு, நுரையிலிருந்து பிளாங்க்குக்குச் சரிவாக இறங்கும்படி செய்துவிடுங்கள். நீர் தங்க இடுக்கே இருக்காது. என் கண்ணுக்கு அது உலோக வளையத்தைவிட அழகாகவே இருக்கிறது.

கேட்பவர், பாம்பன்

நேற்று வெட்டித் திறந்தேன். நீங்கள் சொன்ன எல்லாமே உள்ளே இருந்தது. டேப் வளையங்கள் தண்ணீரில் ஊறிய செய்தித்தாள்போல் விரலால் வழித்தாலே வந்துவிட்டன. எனக்கு வியப்பாக இருந்தது எபாக்சிதான்: அது சீட்டின் உட்சுவரிலிருந்து முழுதாக விடுபட்டு, வெளிப்புறம் கண்ணாடிபோல் பளபளக்கும் ஓடாக வந்தது. அதாவது, தொடக்கத்திலிருந்தே அது நைலானைப் பிடிக்கவேயில்லை. இறுக்கமாக நின்றதை நான் ஒட்டிக்கொண்டதாக நினைத்திருக்கிறேன். பிளாங்க்கில் ஒரு கீறலும் இல்லை. இனி புதிய சீட்டை ஏற்றும் முறையைச் சொல்லுங்கள்.

மறுமொழி, தொண்டி

அந்தப் பளபளப்பைத்தான் நான் எதிர்பார்த்தேன், தம்பி. அச்சில் வார்த்த பொருளின் உட்சுவர் வழவழப்பாக இருக்கும்; அச்சிலிருந்து கழன்று வருவதற்குப் பூசிய பொருளின் எச்சமும் ஒட்டியிருக்கலாம். புதிய சீட்டின் உட்புறத்தை ஸ்பிரிட் துணியால் துடைத்து, குச்சியில் சுற்றிய 80 அல்லது 100 எண் உப்புத்தாளால் பளபளப்பு முற்றிலும் மறையும் வரை தேய்த்து, மீண்டும் துடையுங்கள். பிளாங்க்கில் கைப்பிடிக்குள் மறையும் பகுதியின் மினுமினுப்பை மட்டும் 220 எண் தாளால் இலேசாகப் போக்குங்கள். கறுப்புத் தூள் வரத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள், அது இழை.

இடைவெளியை நிரப்ப, ஜிப்சம் பலகை இணைப்புகளில் ஒட்டுகிற கண்ணாடியிழை வலை நாடா ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதை மெல்ல இறுகும் எபாக்சியில் தோய்த்துச் சீட்டின் முழு நீளத்துக்கும் சுற்றுங்கள். சீட்டை உடனே ஏற்றாதீர்கள். தள்ளும்போது வலை சுருண்டுகொள்ளும். ஒரு நாள் இறுகவிட்டு, பிறகு உப்புத்தாளால் தேய்த்து, ஒரு விரலால் தள்ளினால் சீட் ஏறும் அளவுக்கு உருட்டிக் கொண்டுவாருங்கள். தட்டினால்தான் ஏறும் என்றால் இன்னும் தேயுங்கள். எபாக்சி தங்க இடம் வேண்டும். இந்த ஆர்பர் (இடைவெளியை நிரப்பும் உருளை) காகிதம்போல் நீரைக் குடிக்காது.

நேரம் முக்கியம். இந்த வெயிலில் நண்பகலில் கலந்தால் எபாக்சி கையிலேயே கெட்டியாகும். விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள். இரு பகுதியையும் சம அளவில் எடுத்து, கிண்ணத்தில் குவித்து வைக்காமல் தட்டையான தட்டில் பரப்பிக் கலக்குங்கள். குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே வேகமாக இறுகும். திருகு மரைகளின் மேல் குழாய்க்காரர்கள் சுற்றும் டெஃப்லான் நாடாவைச் சுற்றிவிடுங்கள். ஆர்பரின் மீது முழுதாகவும் சீட்டின் உள்ளே மெலிதாகவும் பூசி, திருகித் திருகித் தள்ளுங்கள். காற்றுக் குமிழ் வெளியேறும். முன்முனையில் பிதுங்கும் எபாக்சியை முழுதும் துடைத்துவிடாமல், பிளாங்க்கைச் சுற்றி முழு வளையமாக அடைத்திருக்கிறதா என்று பார்த்து மிச்சத்தை மட்டும் எடுங்கள். நீர் நுழைந்த வாசல் அதுதான்.

உடனே ரீலை மாட்டி, அடிமுனையிலிருந்து ஒரு கண்ணால் பார்த்து, ரீலின் தண்டு எல்லாக் கைடுகளையும் நடுவாக வெட்டும்வரை சீட்டைத் திருப்புங்கள். பத்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். வைத்த இடத்திலிருந்து சற்று நகர்ந்திருக்கும். நேரானதும் ரீலைக் கழற்றிவிட்டு, கோலை நிமிர்த்தி வைக்காமல் படுக்கவைத்து ஒரு நாள் விடுங்கள். பின்பிடியை அதற்குப் பிறகு ஏற்றலாம்; நுரையின் துளையில் எபாக்சியே வழுக்கலுக்குப் போதும், சோப்பு நீர் வேண்டாம்.

மறுமொழி, கீழக்கரை

என் முறையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இந்த உரையாடலைப் படித்த பிறகு அந்தப் பழைய கோலை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், மீண்டும் அசைகிறது. ஒரு கேள்வி: கடலிலிருந்து வந்ததும் கோலைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவுவது என் வழக்கம். அது சரிதானா?

மறுமொழி, மண்டபம்

வேண்டாம். வேகமாகப் பீய்ச்சும் நீர் மேலே இருக்கும் உப்பை இடுக்குகளுக்குள் தள்ளிவிடும். குடிநீரைக் குடக் கணக்கில் விலைக்கு வாங்கும் நம் ஊர்களில் அவ்வளவு நீருக்குத் தேவையும் இல்லை. ரீலைக் கழற்றி, நட்டை முழுதும் பின்னுக்குத் திருகி, ஒரு செம்பு நல்ல நீரில் துணியை நனைத்துப் பிழிந்து மரைகளையும் ஹூட்டின் உட்புறத்தையும் கைடுகளின் கால்களையும் இரண்டு முறை துடைத்தாலே போதும். ரீலை மாட்டியபடியே வாரக்கணக்கில் வைப்பதுதான் ஸ்டெயின்லெஸ் ஹூட்டுக்கும் கேடு. காற்றுப் புகாத இடுக்கில் உப்பு ஈரம் நின்றால் துருப்பிடிக்காத இரும்பிலும் குழி விழும்.

கேட்பவர், பாம்பன்

வேலை முடிந்து மூன்று வாரமாகிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசுவதால் தென்கடல் பக்கம் போக முடியவில்லை. வடகடலில்தான் (பாக் நீரிணைப் பக்கம்) போட்டுப் பார்த்தேன். மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான பாரை ஒன்று ஏறியது. சீட்டுக்கும் பின்பிடிக்கும் குறுக்கே புதிதாக இழுத்திருந்த பென்சில் கோடு உடையாமல் அப்படியே நிற்கிறது. காகிதத்தை அழுத்திப் பார்த்தேன், உலர்ந்தே வந்தது. முன்பிடி முனையில் நூல் சுற்றியதில் மட்டும் ஒரு பக்கம் எபாக்சி சற்று அதிகமாகத் தேங்கிவிட்டது. பூசிய பிறகு கோலைச் சுழற்றிக்கொண்டே இருக்காமல் இடையில் எழுந்து போனதால் வந்தது அது. அதை உப்புத்தாளால் சமன்படுத்தி மேலே மெலிதாக இன்னொரு பூச்சு கொடுக்கலாமா, அல்லது இப்படியே விட்டுவிடுவது நல்லதா?

மறுமொழி, மண்டபம்

நூல் வெளியே தெரியாத ஆழம் வரை தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய பூச்சு ஒன்று கொடுங்கள். இந்த முறை எபாக்சி வழியாத நிலைக்கு வரும்வரை சில நிமிடங்களுக்கு ஒரு முறை கோலை அரைச்சுற்று திருப்பிக்கொண்டே அருகில் உட்கார்ந்திருங்கள்.