கான்சர் ட்ரீட்மெண்ட்டுக்கு காப்பீட்டு அட்டை இருக்கு, மத்த செலவுக்கு? கிராம சபைல என்ன கேக்கலாம்?

கல்வராயன்_காத்து:
எங்க ஊரு கள்ளக்குறிச்சி பக்கம். தெருவுல ஒரு அக்காவுக்கு கர்ப்பப்பை வாய் புற்றுநோய், முத்துன பிறகுதான் தெரிஞ்சுது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால ட்ரீட்மெண்ட்டுக்கு காசு கட்டல, அது பெரிய விஷயம்தான், இல்லேங்கல. ஆனா சென்னைல வாரத்துக்கு அஞ்சு நாள் ரேடியேஷன், நடுவுல கீமோ, இப்படியே ஒரு மாசத்துக்கு மேல, அவங்க வீட்டுக்காரரும் கூலி வேலைய விட்டுட்டு கூடவே கெடந்தாரு, ரூம் வாடகை சாப்பாடு எல்லாம் வட்டிக்கு வாங்குன காசு. அக்டோபர் 2 கிராம சபைல தீர்மானம் கொண்டு வரலாம்னு நாலஞ்சு பேர் பேசிட்டு இருக்கோம். சும்மா "ஆஸ்பத்திரி வேணும்"னு எழுதுனா ஃபைல்ல தூங்கும். உருப்படியா என்ன கேக்கறது?

ஊசி_அக்கா:
பி.எச்.சி.ல, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல, நர்ஸ் நான். மொதல்ல பரிசோதனைய கேளுங்க தம்பி. 30 வயசு தாண்டுன பொம்பளைங்களுக்கு விஐஏ டெஸ்ட்னு ஒண்ணு, கர்ப்பப்பை வாயில அசிட்டிக் ஆசிட் தடவி பாக்கறது, மெஷின் வேணாம், நர்ஸே பண்ணிரலாம். நம்ம திண்டுக்கல் மாவட்டத்துலயே அம்பிளிக்கை ஊர்ல இருக்குற சுகாதார மையத்த வச்சு பெரிய ஆய்வு பண்ணாங்க, 2007ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு, ஒரே ஒரு தடவ இந்த டெஸ்ட் செஞ்ச ஊர்கள்ல இந்த நோயால சாவு 35 சதவீதம் கொறஞ்சுது. ஆனா டெஸ்ட் ஃப்ரீன்னாலும் யாரும் வர்றதில்ல, வந்தா அன்னைக்கு கூலி போச்சு, அதோட கூச்சம், ஆம்பள டாக்டர் இருப்பாரோன்னு பயம், வீட்டுல மாமியார் "நல்லாத்தான இருக்க, உனக்கு எதுக்கு இதெல்லாம்"பாங்க. அதனால நூறு நாள் வேலை நடக்குற எடத்துக்கே டீம் வரணும், டெஸ்ட்டுக்கு போன நேரத்துக்கு கூலி வெட்டக்கூடாதுன்னு கேளுங்க. இன்னொண்ணு, பாசிட்டிவ் வந்தவங்கள மேல அனுப்பி, போனாங்களான்னு பாக்க யாரு பொறுப்புன்னு பதவிய சொல்லி எழுதச் சொல்லுங்க. முகாம் போட்டு ஃபோட்டோ எடுத்து முடிச்சிடறாங்க, ஆள் காணாம போறது அதுக்கப்புறம்தான்.

டெல்டாக்காரன்:
அக்கா சொல்றது வரப்போறவங்களுக்கு, ஏற்கனவே வந்துட்டவங்க என்ன பண்றது? அப்பாவுக்கு பாத்தப்ப ரயில் சலுகை இருக்குன்னே எங்களுக்கு யாரும் சொல்லல. ஸ்லீப்பர், தேர்ட் ஏசில கான்சர் நோயாளிக்கு முழுசா ஃப்ரீ, கூட போறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி, டாக்டர் ஃபார்ம்ல எழுதி தந்தா போதும். டிபி நோயாளிக்கு மத்திய அரசு சத்துணவுக்குன்னு மாசம் 1000 ரூபா குடுக்குது, 2024 நவம்பருக்கு முன்னாடி 500தான். ஹரியானால மூணாவது நாலாவது ஸ்டேஜ் கான்சருக்கு மாச பென்ஷனே உண்டு, அத நம்மளும் கேக்கலாமே. அப்புறம் காப்பீட்டு வருமான வரம்பு வருஷம் 1,20,000, அதாவது மாசம் பத்தாயிரம், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்கு போனா எந்த வீடு அதுக்குள்ள நிக்கும்? விஏஓ தாலுகா ஆபீஸ்னு அலைஞ்சு சர்டிபிகேட் வாங்குறதுக்குள்ள உசுரு போயிரும்.

சும்மா_பாத்தேன்:
பென்ஷன் எல்லாம் கிராம சபை கைல இல்ல பாஸ், தீர்மானம் போட்டு மேல அனுப்பலாம், அவ்ளோதான். மாவட்டத்துல நடக்கக்கூடியத கேளுங்க. 2025 மத்திய பட்ஜெட்ல மூணு வருஷத்துல எல்லா மாவட்ட ஆஸ்பத்திரிலயும் டே கேர் கான்சர் சென்டர் (கீமோ போட்டுட்டு அன்னைக்கே வீட்டுக்கு போயிரலாம்), மொத வருஷமே 200ன்னு அறிவிச்சாங்க. உங்க மாவட்டம் லிஸ்ட்ல இருக்கான்னு ஆர்டிஐ போடுங்க. கீமோவ பக்கத்துல போட்டுக்கிட்டாலே பாதி அலைச்சல் போயிரும். ரேடியேஷன் மெஷின் மட்டும் ஊருக்கு ஊரு கேக்காதீங்க, கதிர் அளவு கணக்கு பாக்குற பிசிசிஸ்ட், டெக்னீஷியன், ஏஇஆர்பின்னு சொல்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட அனுமதி இல்லாம அது வெறும் இரும்புதான். அசாம்ல டாடா டிரஸ்ட்டோட சேந்து பல மாவட்டத்துல கான்சர் ஆஸ்பத்திரி கட்டுனாங்க, 2022 ஏப்ரல்ல ஒரே நாள்ல ஏழு தொறந்தாங்க. ஏழை மாநிலம்னு சொல்லப்படற அவங்களே செய்றாங்க.

கல்வராயன்_காத்து:
நன்றிங்க. எல்லாத்தையும் ஒரே தீர்மானத்துல போட்டா எதுவும் நடக்காதுன்னு தோணுது. பரிசோதனைய தனியா, டே கேர் தனியான்னு ரெண்டா போடறோம். அக்கா, டீம் அனுப்பச் சொல்லி யாருக்கு எழுதறது?

ஊசி_அக்கா:
வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுதி, காப்பி மாவட்ட சுகாதார அலுவலருக்கு. எந்த மாசத்துக்குள்ளன்னு தேதி போடுங்க, ஊர்ல 30க்கு மேல பொம்பளைங்க எத்தன பேருன்னு கிராம சுகாதார செவிலியர் (வி.எச்.என்.) கிட்ட கேட்டு அந்த கணக்கையும் சேத்து எழுதுங்க, அப்பதான் யாரும் "சும்மா கேக்கறாங்க"ன்னு தள்ள மாட்டாங்க.