கையால் வரைந்ததா, கொம்பியூட்டரில் வரைந்ததா? உங்கள் அனுபவம்

உப்புவெளிப் பிள்ளை:
கண்காட்சியில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நின்றால் தெரியும் உள்துறைமுகத்தை கிரிட்டா என்ற வரைதல் மென்பொருளில் வரைந்து, பிரிண்ட் எடுத்து மாட்டியிருந்தேன். ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர் வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போய், தண்ணீர் உள்ள இடத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினார். வர்ணத்தின் மேடு எதுவும் தட்டுப்படவில்லை, வழவழவென்ற தாள்தான். "பிள்ளை, இதில உன்ர கை எங்க?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தேடினார். அந்தத் தண்ணீருக்கு மட்டும் எத்தனை அடுக்கு போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. உங்களிடமும் யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா?

கோணமலையான்:
கேள்வியே பிழை, தங்கச்சி. ஓவியர் வேரா மோல்னார் 1968இலேயே கணினிக்குக் கட்டளை எழுதி, பேனையால் கோடு போடும் பிளொட்டர் இயந்திரத்தால் கோடு போடுவித்தவர். இன்னொரு ஓவியர் ஹரோல்ட் கோஹன் 'ஆரன்' என்ற கணினி நிரலை எழுதி, அது வரைவதற்கான விதிகளைப் பல பத்தாண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார். எந்தக் கோடு எவ்வளவு கோணலாகலாம் என்று முடிவெடுத்தது மனிதர்தானே? தூரிகை பிடித்தால் மட்டும்தான் கையா?

என் கதைக்கு வருகிறேன். கோணேசர் கோயில் மலையை பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணமாகச் செய்துகொண்டிருந்தேன். கடலுக்குப் போகிற மாமா பின்னால் நின்று பார்த்தார். "இது கோயிலுக்குப் போறவன் பார்க்கிற மலை. நாங்கள் பார்க்கிறது வேற" என்றார். கமெராவைக் கடல் பக்கம் திருப்பித் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினேன். "இன்னும் கீழ... இன்னும்... ஆ, நில்!" வள்ளத்தில் குந்தியிருப்பவரின் கண் உயரம் அது. உடனே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாறையில் எங்கெங்கே அலை அடிக்கும் என்று விரலால் காட்டத் தொடங்கிவிட்டார். கான்வாஸில் வரைந்து முடித்த மலையை இப்படிச் சுற்றிக் காட்ட முடியுமா?

நிலாவெளி நீலம்:
பிரிண்ட் என்றதும் என் கடல் படம் ஞாபகம் வந்தது. திரையில் பச்சையும் நீலமும் கலந்து பளிச்சென்று இருந்தது. கடையில் சுருளை விரித்தால், மாரிக் கடல் மாதிரி மங்கிக் கிடக்கிறது. "இது எந்தக் கடல்?" என்று அம்மா கேட்டார். அவ்வளவுதான் கதை.

ஆனால் பிரிண்ட் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். திரை நிறம் காட்டுவது சிவப்பு, பச்சை, நீல ஒளியால். அச்சில் வருவது சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு மை. அந்தப் பளிச்சென்ற கடல் நிறம் இந்த நான்கு மைக்குள் அடங்காது. கிரிட்டாவில் 'சொஃப்ட் புரூஃபிங்' இருக்கிறது, அச்சில் நிறம் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும், வரையும்போதே அதைப் போட்டுப் பாருங்கள். ஏ3 தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3508 × 4961 பிக்சல். சின்னதாக வரைந்து பிறகு பெருப்பித்தால் விளிம்புகள் மங்கிப்போகும். திரையின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி வைத்துக்கொண்டு நிறத்தைத் தீர்மானிக்காதீர்கள். அடுக்குகளோடு இருக்கும் மூலக் கோப்பு உங்களிடமே இருக்கட்டும், கடைக்கு வேறு பிரதி கொடுங்கள். முழுப்படத்துக்கும் காசு கட்டுவதற்கு முதல் ஒரு சின்னத் துண்டு அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

பலகைக்காரர் மகன்:
தங்கச்சி கேட்டது பிரிண்ட் பற்றி இல்லையே அண்ணை.

என் அப்பா கடைப் பலகை எழுதியவர். பிளெக்ஸ் வந்ததோடு அந்த வேலை போய்விட்டது. நான் டாப்லெட் வாங்கியதும் ஸ்டைலஸை அவர் கையில் கொடுத்தேன். முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு 'ழ' எழுதினார். சுழியில் கோடு கொஞ்சம் விலகியது. நான் அண்டூவை அழுத்தினேன், கோடு போய்விட்டது. என் கையைத் தட்டிவிட்டு, "அதை ஏன்டா எடுத்தனீ? நான் அதிலயிருந்துதான் அடுத்த வளைவை இழுக்க இருந்தனான்" என்றார்.

இப்போது கோயில் திருவிழா நோட்டீசுக்கெல்லாம் அவர்தான் தலைப்பு எழுதுகிறார். அண்டூவைத் தொடுவதே இல்லை. விலகின கோட்டுக்கு மேலே இன்னொரு தடித்த கோடு போவது அவருடைய எழுத்தில் தெரியும். கோணமலையான் சொன்ன விதி, நிரல் எல்லாம் சரி. ஆனாலும் அந்த ஆசிரியர் தேடியது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் கேட்டதில் பிழையே இல்லை.