உம்பளச்சேரி உறைவிந்து: ஆய்வகக் கருவூட்டலில் தரம் குறைவது ஏன்?

கேள்வி (மன்னார்குடி): உம்பளச்சேரி நாட்டினக் காளையின் உறைவிந்துக் குச்சியைச் (உறைந்த விந்து அடைத்த மெல்லிய குழாய்) சினை ஊசியாகப் போட்டால் பசுக்கள் சினை பிடிக்கின்றன, அதையே ஆய்வகத்தில் கருமுட்டையுடன் சேர்த்தால் கருக்கள் குறைவாகவே உருவாகின்றன. என்ன செய்யலாம்?

பதில் (ஒரத்தநாடு): உருக்கிய விந்தை அப்படியே சேர்க்காதீர்கள், ஐயா. குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 விநாடி உருக்கி, வெளி ஈரத்தை நன்றாகத் துடைத்து, அணுக்களை அடர்த்தி வாரியாகப் பிரிக்கும் பெர்கால் கரைசல் அடுக்கின்மேல் மெதுவாக விட்டு மையவிலக்கியில் சுழற்றினால், உறையும்போது காப்பதற்காகச் சேர்த்த கிளிசராலும் இறந்த விந்தணுக்களில் பெரும்பகுதியும் மேலே தங்கிவிட, நன்கு நீந்தும் அணுக்கள் அடியில் சேரும். உறைய வைப்பதே அணுக்களை ஓரளவு முன்கூட்டியே கருவூட்டலுக்குப் பக்குவப்படுத்திவிடுவதால், அதே பக்குவத்துக்காகச் சேர்க்கும் ஹெப்பாரின் மருந்தின் அளவைக் காளைக்குக் காளை சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

பதில் (திருத்துறைப்பூண்டி): குச்சிகளை வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் கொள்கலனையும் கவனியுங்கள். நைட்ரஜன் -196 டிகிரியில் இருந்தாலும், குச்சியைத் தேடும்போது குச்சிகள் உள்ள குவளையைக் கொள்கலனின் கழுத்துக்கு மேலே தூக்கிவிட்டால், நம் பகுதிச் சித்திரை வெயிலில் நேரும் சேதம் திரும்ப இறக்குவதால் சரியாகாது.