வலிக்கு ஒரே ஒரு நம்பர் போதுமா?

பாலக்கோடு பிசியோ:
முழங்கால், இடுப்பு வலி என்று வருகிறவர்களிடம் "0 முதல் 10க்குள் எவ்வளவு?" என்று கேட்டு முடித்துவிடுகிறோம். இது போதாது. பென்னாகரம் பக்கத்து ஆயா ஒருவர், ஃபுளோரைடு தண்ணீர் குடித்தே எலும்பு இறுகிப்போனவர், "ஆறு இருக்கும் சாமி" என்றார். அது எவ்வளவு பாடாய்ப் படுத்துகிறது என்று தனியாகக் கேட்டால் பத்து! கழிப்பறையில் உட்கார்ந்தால் மருமகள் வந்து தூக்கிவிட வேண்டுமாம், அந்தக் கூச்சம்தான் தாங்கவில்லை. உயரமான நாற்காலியும் சுவரில் கைப்பிடியும் போடச் சொன்னேன். ஆறை மட்டும் பார்த்திருந்தால் மாத்திரையோடு அனுப்பியிருப்போம்.

அரூர் நர்ஸ்:
சார், ஓபி வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. மாத்திரைக்குப் பிறகு எட்டு நாலாச்சா என்று பார்க்க ஒரு நம்பர் போதும். வலி எப்படிப்பட்டது என்று சொற்களைக் காட்டிக் கேட்கிற மெக்கில் வினாத்தாளில் 78 சொற்கள், யார் உட்கார்ந்து வாசிப்பது?

பாலக்கோடு பிசியோ:
அது 1975இல் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் வெளியிட்டது. 1987இல் அவரே 15 சொல்லாகச் சுருக்கிவிட்டார். குத்தல், எரிச்சல் மாதிரி உடம்பில் தெரிவது 11, அசதி, பயம் மாதிரி மனசைப் பிடிப்பது 4. அதுவும் வேண்டாம் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள்: வலி எவ்வளவு, அது எவ்வளவு படுத்துகிறது.

காரிமங்கலம் வாசகி:
இரண்டாவது கேள்விதான் எனக்குப் பயம். என் அம்மாவின் இடுப்பு வலியை "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி ஒரு டாக்டர் திருப்பி அனுப்பினார். அப்புறம் வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தால் டிஸ்க் விலகியிருந்தது. பொம்பளைகள் அதில் பத்து போட்டால், முதல் நம்பரையே பொய் என்பார்கள்.

ஓசூர் வாசகர்:
மனசு என்பதால் பொய் ஆகாதும்மா. 1997இல் மாண்ட்ரியலில் சுடுநீரில் கை வைத்தவர்களை ஹிப்னாடிச நிலைக்குக் கொண்டுபோய், வலி படுத்தும் அளவை மட்டும் கூட்டிக் குறைத்தார்கள். வலி எவ்வளவு என்பது அப்படியே இருந்தது. மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புள்ள முன்சிங்குலேட் பகுதியின் வேலை மட்டும் அதற்கேற்ப மாறியது. உலக வலி ஆய்வுச் சங்கமும் 1979இலேயே வலிக்கான வரையறையில் உடம்பு உணர்வு, மன உணர்ச்சி இரண்டையும் சேர்த்துவிட்டது.

காரிமங்கலம் வாசகி:
ஆராய்ச்சி சரிங்க அண்ணா. ஓபி சீட்டைப் பார்க்கிறவருக்கு அது தெரிய வேண்டுமே! இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் எதை வைத்து ஸ்கேன் எழுதுவார்?

அரூர் நர்ஸ்:
அது நடக்கிறதுதான் அக்கா. பழைய வலியோடு முதல் தடவை வருகிறவர்களிடம் இரண்டும் கேட்கிறேன், தனித்தனி வரியில் எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரிடம் மட்டும் ஒரு நம்பர்தான், அதில் நான் மாறமாட்டேன்.

பாலக்கோடு பிசியோ:
ஆபரேஷன் வார்டிலும் பயந்துபோய் இருமக்கூட மறுக்கிறவர்கள் உண்டு சிஸ்டர். அவர்களிடம் கேட்காமல் எப்படித் தெரியும்?